புல்லட்டைக் குட்டி யானையில் ஏற்ற ஓர் எட்டடி ரேம்ப்

ஓடாத பைக்கைப் பிக்கப்பில் ஏற்ற வேண்டுமென்றால் நம் பக்கத்தில் வழக்கமான வழி ஒன்றுதான். நாலு பேரைக் கூப்பிடுவது, ஆளுக்கொரு மூலையைப் பிடிப்பது, "ஏய் தூக்கு" என்று ஒரே மூச்சில் மேலே போடுவது. 112 கிலோ ஸ்பிளெண்டருக்கு இது நடந்துவிடும். 195 கிலோ கிளாசிக் 350 புல்லட்டுக்கும் இதையே செய்கிறார்கள் என்பதுதான் எனக்குப் பொறுக்காத விஷயம். பைக்கில் நாலு பேர் சேர்ந்து பிடித்துத் தூக்குவதற்கென்று இடமே கிடையாது. ஒருவர் மட்கார்டைப் பிடிப்பார், ஒருவர் சைலன்சரைப் பிடிப்பார், ஒருவர் ஸ்போக்குக்குள் விரலை விட்டிருப்பார். பாதி உயரத்தில் சக்கரம் கொஞ்சம் சுற்றினால் அந்த விரல் போர்க்குக்கும் (முன் சக்கரத்தைத் தாங்கும் இரட்டைக் குழாய்) ஸ்போக்குக்கும் நடுவில் மாட்டும். முதுகு பிடித்துக்கொண்டு வாரக்கணக்கில் படுத்தவர்களை எனக்குத் தெரியும்.

கரூரில் வீட்டுக்குப் பின்னால் ஒரு ஷெட் போட்டுப் பழைய வண்டிகளைச் சரிசெய்து வருகிறேன். எஸ்டி, ஆர்எக்ஸ் 100, புல்லட் என்று வருபவை எல்லாம் பெரும்பாலும் வருடக்கணக்கில் நின்றவை. ஓட்டிக்கொண்டு வர முடியாது. இந்த முறை குளித்தலைப் பக்கம் ஒரு கிராமத்தில் மச்சான் வீட்டில் நின்ற கிளாசிக் 350. ஆயில் இல்லாமல் ஓட்டி இன்ஜின் ஜாம். ஆள் பிடித்துத் தூக்குவதை இத்தோடு நிறுத்துவோம் என்று ரேம்ப் ஒன்றைச் செய்து முடித்துவிட்டுத்தான் கிளம்பினேன்.

ரேம்ப் என்றவுடன் எல்லோரும் கேட்பது "எவ்வளவு வெயிட் தாங்கும்?" என்று. அதற்கும் முன்னால் கேட்க வேண்டிய கேள்வி நீளம். நான் வாடகைக்குப் பிடிக்கும் குட்டி யானையில் (டாடா ஏஸ்) தரையிலிருந்து சரக்கு ஏற்றும் தளத்துக்கு 28 அங்குலம் இருக்கிறது. ஆறடி ரேம்ப் போட்டால் 195 கிலோ வண்டியை மேலே தள்ள ஏறத்தாழ 76 கிலோ விசை வேண்டும். எட்டடி என்றால் 57 கிலோ. பத்தடி என்றால் 45 கிலோ. கணக்கு எளிது: உயரத்தை ரேம்ப் நீளத்தால் வகுத்து வண்டியின் எடையால் பெருக்க வேண்டும், அவ்வளவுதான். டயர் உருளுவதற்கான தடை இதற்கு மேல் கொஞ்சம் சேரும். 57 கிலோவை இரண்டு பேர் நிதானமாகத் தள்ளலாம். 76 கிலோ என்றால் ஓடி வந்து வேகத்தில் ஏற்றத்தான் தோன்றும். விபத்து நடப்பது அந்த வேகத்தில்தான்.

நீளத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. முன் சக்கரம் தளத்தில் ஏறி, பின் சக்கரம் இன்னும் ரேம்பில் இருக்கும்போது, ரேம்பும் தளமும் சேரும் முனை வண்டியின் வயிற்றுக்கு நேராக வரும். கிளாசிக்கின் வீல்பேஸ் (முன், பின் சக்கர மையங்களுக்கு நடுவில் உள்ள தூரம்) 1390 மி.மீ., கிரவுண்ட் கிளியரன்ஸ் (தரைக்கும் வயிற்றுக்கும் நடுவில் உள்ள இடைவெளி) 170 மி.மீ. எட்டடி ரேம்பில் அந்த முனை இரண்டு சக்கரமும் தொடும் கோட்டுக்குச் சுமார் 10 செ.மீ. மேலே எழும், மிச்சம் 7 செ.மீ. இருக்கும். ஆறடியில் 13 செ.மீ.-க்கு மேல் எழும்; சஸ்பென்ஷன் கொஞ்சம் அமுங்கினால் சென்டர் ஸ்டாண்டு இடித்து வண்டி அங்கேயே உட்கார்ந்துவிடும். முன்னாலும் போகாது, பின்னாலும் வராது. இரண்டு பேர் வண்டியைப் பிடித்துக்கொண்டு மூன்றாவது ஆளைத் தேட வேண்டியதுதான்.

அப்படியானால் பத்தடி போட்டிருக்கலாமே என்று கேட்கலாம். எட்டடிக்கு வந்ததற்குக் காரணம் கடையில் கிடைக்கும் பைப். பாக்ஸ் பைப் (சதுர இரும்புக் குழாய்) 20 அடி நீளத்தில் வருகிறது. இரண்டு எட்டடித் துண்டு போக நாலடி மிச்சம். அந்த நாலடிக்கும் ஒரு வேலை வைத்திருந்தேன். அதோடு 2200 மி.மீ. தளம் உள்ள ஏஸில் பத்தடி ரேம்பைப் பைக்கோடு சேர்த்துக் கொண்டுவருவது பெரும்பாடு.

எங்கள் ஊரில் பஸ் பாடி கட்டும் கூடங்கள் அதிகம் என்பதால் பாக்ஸ் பைப்புக்கு அலைய வேண்டியதில்லை. முதலில் மனதில் இருந்தது 50-க்கு 50, 5 மி.மீ. ஆங்கிள் (எல் வடிவ இரும்பு). கணக்குப் போட்டுப் பார்த்தபின் 50-க்கு 50, 2 மி.மீ. பாக்ஸ் பைப்புக்கு மாறினேன். ஆங்கிள் மீட்டருக்கு 3.8 கிலோ, பைப் மீட்டருக்கு 3 கிலோதான். ஆனால் வளைவதைத் தாங்கும் திறனில் அந்தப் பைப் கிட்டத்தட்ட ஆங்கிளைப்போல் இரண்டு மடங்கு. நடுவில் வெற்றிடமாகவும் நாலு பக்கமும் இரும்பாகவும் இருப்பதால் வரும் பலம் அது. எடை குறைந்தது எனக்குப் பெரிய விஷயம். ரேம்பைத் தூக்கிப் போடவே இரண்டு பேர் வேண்டுமென்றால் அந்த ரேம்பை யாரும் எடுக்க மாட்டார்கள். மறுபடியும் நாலு பேரைக் கூப்பிடத் தொடங்கிவிடுவார்கள்.

மரப்பலகையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். சாரம் கட்டும் பலகை ஒன்றைப் போட்டு ஏற்றுகிறவர்கள் நிறைய. ஆள் நடக்க அது நல்ல பலகைதான். ஆனால் எத்தனை மழை பார்த்தது, எங்கே ஆணியடித்த ஓட்டை, எங்கே கணு என்று தெரியாத பலகையில் பைக்கை ஏற்றாதீர்கள். இரும்பு வளைந்து காட்டிக்கொடுக்கும். மரம் சொல்லாமல் ஒடியும்.

இரண்டு எட்டடிப் பைப்பையும் நடுவில் 20 செ.மீ. இடைவெளி விட்டுப் படுக்க வைத்தேன். கிளாசிக்கின் பின் டயர் 120 மி.மீ. அகலம், அதனால் இந்த இடைவெளி தாராளம். குறுக்குப் படிகளுக்கு வீடு கட்டியபோது மிஞ்சிய 12 மி.மீ. முறுக்குக் கம்பியை வெட்டி, 10 செ.மீ.-க்கு ஒன்றாக வெல்டிங் செய்யச் சொன்னேன். அந்தக் கம்பியில் இருக்கும் வரிகள் டயருக்கு நல்ல பிடி. செக்கர் ஷீட் (புடைப்புக் கோடு போட்ட இரும்புத் தகடு) போட்டால் பார்க்க அழகாக இருக்கும், ஆனால் எடை கூடும். சேறு ஒட்டிய டயர் அதில் வழுக்கும். கம்பி என்றால் சேறு கீழே விழுந்துவிடும்.

இந்த இடத்தில் ஒரு விஷயத்தில் வெல்டர் அண்ணனோடு கொஞ்சம் வாதம் நடந்தது. கம்பிகளைப் பைப்புக்கு மேலே வைத்து ஒட்டினால் அவருக்கு வேலை சுலபம். நான் இரண்டு பைப்புக்கும் நடுவில், மேல் விளிம்பிலிருந்து 3 செ.மீ. இறக்கி ஒட்டச் சொன்னேன்.

"எதுக்குங்க இந்தச் சுத்து? மேல வெச்சா அரை மணி நேரத்துல முடிச்சிரலாமுங்க."

"டயர் ஓரமாப் போனா தடுக்க ஒரு வரப்பு வேணும்ணா."

அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, ஒரு பைப் துண்டை அடியில் முட்டுக் கொடுத்து எல்லாக் கம்பியும் ஒரே மட்டத்தில் நிற்கும்படி செய்து கொடுத்தார். அந்த 3 செ.மீ. வரப்பு இந்த ரேம்பின் உயிர். வண்டி ஏறும்போது நம் கவனமெல்லாம் அது சாயாமல் பார்ப்பதில் இருக்கும். முன் டயர் விளிம்புக்குப் போவதைக் கவனிக்க யாருக்கும் கண் இருக்காது. வரப்பு இருந்தால் டயர் தானே நடுவுக்குத் திரும்பும்.

மேல் முனையில் 6 மி.மீ. தகட்டை ரேம்பின் சாய்வுக்கு ஏற்ப வளைத்து ஒரு நாக்கு. தளத்தின் மேல் ஒரு சாண் நீளம் படுக்கும். பின்கதவைக் கீழே தொங்கவிட்டால் அதன் கீல் குழாய் தளத்தின் விளிம்பில் துருத்திக்கொண்டு நிற்கும். நாக்கு அதைத் தாண்டி உட்காரும்படி வளைவைப் பிக்கப்பிலேயே வைத்துப் பார்த்துச் சரிசெய்தோம். கீழ் முனையைச் சாய்வாக வெட்டி, தரையில் குத்தாமல் இருக்க ஒரு தகடு. எல்லாம் சேர்த்து இருபது கிலோவுக்குக் கொஞ்சம் மேலே வந்தது. தோளில் போட்டுக்கொண்டு நடக்கலாம்.

மிஞ்சிய நாலடிப் பைப் நடுக்காலாக ஆனது. ரேம்பின் சரிபாதியில், 14 அங்குல உயரத்துக்குச் சற்றுக் குறைவாக, இரண்டு பக்கமும் மடக்கும் கால். எடை ஏறி ரேம்ப் கொஞ்சம் வளைந்தால்தான் கால் தரையைத் தொடும். கால் இல்லாமலே இந்தப் பைப் போதும் என்று கணக்கு சொன்னது. ஆனால் வெல்டிங் பற்றுகள் எல்லாம் கணக்குப்படி இருக்குமா என்பது வேறு விஷயம், அதனால் கால் இருக்கட்டும் என்று வைத்தேன். பெயின்ட் அடிக்கும் முன் காலை மடக்கி வைத்து, நானும் வெல்டர் அண்ணனும் நடுவில் ஏறி நின்றோம். ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நூல் கட்டிப் பார்த்ததில் வளைவு ஒரு செ.மீ.-க்குள்தான். இறங்கியதும் நேராகிவிட்டது. இந்தச் சோதனையைச் செய்யாமல் யாரும் பைக்கை ஏற்ற வேண்டாம்.

இனி, எல்லாவற்றையும்விட முக்கியமானது. ரேம்ப் உடைந்து விழுந்த கதை குறைவு, நழுவி விழுந்த கதைதான் அதிகம். இன்ஜின் ஓட்டத்தில் ஏற்றினால் பின் சக்கரம் ரேம்பையே பின்னுக்குத் தள்ளிவிடும். போதாததற்கு, எடை தளத்துக்கு மாறும்போது பிக்கப்பின் ஸ்பிரிங் அமுங்கித் தளம் ஓர் அங்குலம் இறங்கும், நாக்கு அசையும். வெறுமனே சாய்த்து வைத்த ரேம்ப் அப்போது நழுவினால் முன் சக்கரம் மேலேயும் பின் சக்கரம் தரையிலும், நடுவில் நீங்களும். அதனால் நாக்கின் இரு பக்கமும் வளையம் வைத்து, பாடியின் அடியில் கயிறு கட்டும் கொக்கிகளுக்குச் சங்கிலி போட்டு இறுக்கினேன். ஒரு பக்கம் மட்டும் கட்டினால் ரேம்ப் திரும்பும், இரண்டு பக்கமும் கட்ட வேண்டும். பிக்கப்புக்கும் அதே நியாயம்: கியரில் போட்டு, ஹேண்ட் பிரேக் இழுத்து, நாலு சக்கரத்துக்கும் முன்னால் கல். தள்ளுகிற விசை பிக்கப்பையும் சேர்த்துத்தான் தள்ளுகிறது.

குளித்தலையில் போய் இறங்கியதும் நான் முதலில் பார்த்தது பைக்கை இல்லை, இடத்தை. வீட்டுக்குப் பக்கத்தில் வாழைத்தோப்பு, அதையொட்டி வாய்க்கால் கரை. பிக்கப்பைப் பின்பக்கமாகக் கரையடியில் கொண்டுபோய் நிறுத்தியதும் ரேம்பின் கீழ் முனை கரைச் சரிவில் உட்கார்ந்தது. 28 அங்குலம் 18 அங்குலம் ஆனது. 57 கிலோ வேலை 37 கிலோவுக்கு இறங்கிவிட்டது. மேடு, வாய்க்கால் கரை, வீட்டுத் திண்ணை, ரோட்டோரச் சரிவு என்று ஏதாவது ஒன்று எந்த ஊரிலும் இருக்கும். ரேம்ப் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் முதல் பத்து நிமிடம் இதைத் தேடுவதற்குத்தான். அந்த மண் கெட்டியாக இருக்கிறதா என்று மட்டும் மிதித்துப் பார்த்துக்கொள்ளுங்கள். ரேம்பின் அடியில் ஒரு பலகைத் துண்டு போட்டோம்.

டிரைவர் அண்ணனுக்கு ஆரம்பத்தில் இதில் நம்பிக்கை இல்லை. "தம்பி, தோப்புல நாலு பேரு நிக்கிறாங்க. கூப்பிட்டா அஞ்சு நிமிஷத்துல தூக்கிப் போட்டுருவாங்க" என்றார். "ஒரு தடவை பாருங்கண்ணே, சரிப்படலேன்னா கூப்பிடலாம்" என்று சொல்லி வைத்தேன்.

ரேம்பைத் தளத்தின் வலது ஓரத்தில், கொஞ்சம் கோணலாக, முன் இடது மூலையைப் பார்த்தபடி போட்டோம். இதற்கு இரண்டு காரணம். கிளாசிக்கின் நீளம் 2145 மி.மீ., தளம் 2200 மி.மீ. நேராக ஏற்றினால் முன்னால் ஒரு பழைய டயரை மெத்தையாக வைக்கக்கூட இடம் இருக்காது. மூலைக்கு மூலை என்றால் இடம் தாராளம், பின்கதவும் சாத்தும். இரண்டாவது, பைக்கைப் பிடித்து நடக்கிறவர் இடது பக்கம் நடப்பார், அவருக்கு அந்தப் பக்கம் இடம் வேண்டும். ரேம்புக்கு இடப்புறம் ஓர் அடி தள்ளி, குறுக்குச் சட்டம் அடித்த சாரப் பலகை ஒன்றைத் தனியாகப் போட்டோம், ஆள் நடப்பதற்கு. இது இல்லாவிட்டால் பைக் மேலே ஏற ஏற, பிடித்திருப்பவர் தரையிலேயே நிற்பார். ஹேண்டில்பார் தலைக்கு மேலே போய்விடும், அதன்பின் அவர் கையில் எந்தப் பிடியும் இருக்காது.

சரி, ஏற்றும்போது நடுவழியில் மூச்சு வாங்க வேண்டுமென்றால் வண்டியை எப்படி நிறுத்துவது? எல்லோர் கையும் முன் பிரேக்குக்குத்தான் போகும். ஆனால் சாய்வில் எடை பின் சக்கரத்துக்குப் போய்விடுவதால், முன் சக்கரம் பிரேக் பிடித்தபடியே வழுக்கிக்கொண்டு பின்னால் வரும். கால் பிரேக்கை நடந்துகொண்டே மிதிக்க முடியாது. கிளட்ச்தான் வழி. முதல் கியரில் போட்டு, கிளட்சைப் பிடித்தபடி தள்ள வேண்டும். நிறுத்த வேண்டுமென்றால் கிளட்சை விட்டால் போதும், இன்ஜின் பின் சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளும். நல்ல இன்ஜினில் கம்ப்ரஷன் பிடிக்கும். இந்த வண்டி ஜாம் ஆனது, அதனால் பாறையில் கட்டியதுபோல் நின்றது. செயின் இருக்க வேண்டும், கிளட்ச் வேலை செய்ய வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை. வருடக்கணக்கில் நின்ற வண்டியில் கிளட்ச் பிளேட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கும். லிவரைப் பிடித்தாலும் விடாது. அதைத் தரையிலேயே தள்ளிப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும். அப்படி ஒட்டியிருந்தால் நியூட்ரலில்தான் ஏற்ற முடியும், அதற்கு மேலிருந்து கயிறு போட்டு இழுக்கும் ஆள் கட்டாயம்.

எங்களுக்கு இந்த வண்டியில் கிளட்ச் ஒட்டியிருக்கவில்லை, லிவரைப் பிடித்ததும் விட்டது. நான் இடது பக்கம் ஹேண்டில்பாரோடு, மச்சான் பின்னால் கேரியரைப் பிடித்துத் தள்ள, நாலு படிக்கு ஒரு தடவை கிளட்சை விட்டு நிறுத்தி ஏற்றினோம்.

"விடு மாப்ள, நிக்குதா பாப்போம்" என்று பாதியில் மச்சான் கேரியரிலிருந்து கையை எடுத்துப் பார்த்தார். நின்றது. பின்னால் தள்ளுகிறவர் வண்டிக்கு நேர் பின்னால் நிற்கவே கூடாது, ஓரமாக நின்று தள்ள வேண்டும் என்பதை மட்டும் அவருக்குத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது. முனையைத் தாண்டும்போது வயிற்றுக்கும் தளத்துக்கும் நடுவில் நல்ல இடைவெளி இருந்தது. டிரைவர் அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை, ரேம்பைக் கழற்ற ஒரு கை கொடுத்தார். பிறகு "இதே மாதிரி எனக்கு ஒண்ணு அடிச்சுத் தர முடியுமா?" என்று அளவெல்லாம் கேட்டுக்கொண்டார்.

கட்டுவதில் பலர் செய்வது, சைடு ஸ்டாண்டு போட்டுச் சாய்த்து நிறுத்திக் கயிற்றால் சுற்றுவது. குழியில் பிக்கப் குதிக்கும்போதெல்லாம் மொத்த எடையும் அந்த ஸ்டாண்டில் இறங்கும். வண்டி இரண்டு சக்கரத்தில் நேராக நிற்க வேண்டும், ஸ்டாண்டு மடக்கியே இருக்க வேண்டும். முன் டயரை மூலையில் பழைய டயரோடு முட்ட வைத்து, போர்க்கின் கீழ் டி-யிலிருந்து (இரண்டு போர்க் குழாயையும் சேர்த்துப் பிடிக்கும் கீழ்ச் சட்டம்) இரண்டு பக்கமும், லிவரால் இறுக்கும் ராட்செட் பெல்ட். ஹேண்டில்பாரில் கட்டினால் அது திரும்பும், வளையும். போர்க் அமுங்கும் தூரத்தில் பாதி அமுங்கும் வரை இறுக்கினால் போதும். அதற்கு மேல் போனால் போர்க்கின் ஆயில் சீலுக்கு ஆகாது. பின்னால் இரண்டு பெல்ட், சக்கரம் பக்கவாட்டில் துள்ளாமல் இருக்க. பெல்ட் பெயின்ட்டில் உரசும் இடத்தில் கிழிந்த துணி. தேங்காய் நார்க் கயிறோ நைலான் கயிறோ போட்டால் வழியில் தளரும். பத்துக் கிலோமீட்டரில் ஒரு தடவை நிறுத்திப் பார்க்க வேண்டும். பெல்ட் போட்டாலும் முதல் தடவை நிறுத்திப் பார்ப்பது நல்லது. ரேம்பை நெட்டாக நிறுத்தி வலது பக்கப் பலகையோடு ஒட்டி, முன் சட்டத்தில் சாய்த்துக் கட்டினோம். ஆர்சி நகல் கையில் இருக்கட்டும். வழியில் நிறுத்திக் கேட்டால் யார் வண்டி என்று காட்ட வேண்டும்.

இறக்குவதுதான் உண்மையில் கடினம். ஏற்றும்போது களைத்தால் நிறுத்தலாம், இறக்கும்போது எடை நம்மை இழுத்துக்கொண்டு போகும். பின் சக்கரம் முதலில் இறங்குகிறது, எடை முழுக்க அதன் மேல். இங்கேயும் முன் பிரேக்கை நம்பாமல் முதல் கியரில் வைத்து, கிளட்சைக் கொஞ்சம் பிடித்து, கொஞ்சம் விட்டு, படிப்படியாக இறக்கினோம். மச்சான் மேலே நின்று போர்க்கில் கட்டிய கயிற்றைத் தளத்தின் கொக்கியில் ஒரு சுற்றுச் சுற்றித் தளர்த்திக்கொண்டே வந்தார். அந்த ஒரு சுற்றே பாதிப் பாரத்தைத் தாங்குகிறது. வெறும் கையால் கயிற்றைப் பிடிக்க வேண்டாம், கையில் ஒரு சாக்குத் துணியாவது சுற்றிக்கொள்ள வேண்டும்.

இதே ரேம்பில் அதற்குப்பின் ஒரு ஸ்கூட்டரையும் ஏற்றினேன். அங்கே கிளட்ச் வித்தை பலிக்காது. இன்ஜின் ஓடாதபோது ஸ்கூட்டரின் தானியங்கி கிளட்ச் சக்கரத்தை விட்டுவிடும், பின் சக்கரம் சும்மா உருளும். ஆனால் அதற்குப் பின் பிரேக் இடது கையிலேயே இருக்கிறது, அதைப் பிடித்துக்கொண்டே நடக்கலாம். சில வண்டிகளில் லிவரைப் பூட்டி வைக்கும் கிளிப்பும் உண்டு. சின்னச் சக்கரம் என்பதால் கம்பிக்குக் கம்பி கொஞ்சம் குதித்தது. அதிகமாக ஸ்கூட்டர் ஏற்றுகிறவர்கள் கம்பிகளை 7 செ.மீ.-க்கு ஒன்றாக வைத்துக்கொள்ளலாம். எடை இரண்டு கிலோ போலத்தான் கூடும்.